குவில்ட் பாதியில் நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சேலத்தில் குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்காகத் தைக்கிற போர்வை) தைக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் இரண்டு விஷயத்தில் வந்து நிற்கும். எந்தக் கடையில் என்ன துணி வந்திருக்கிறது என்பது ஒன்று, அலமாரியில் மடித்து வைத்த பாதிப் போர்வையை எப்போது முடிக்கப் போகிறோம் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் நேரமில்லை என்றுதான் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் விசாரித்தால் உண்மை வெளியே வரும். ஏதோ ஒரு இடத்தில் தையல் சரியாக வராமல் போயிருக்கும், ஏன் என்று தெரியாமல் மடித்து உள்ளே வைத்திருப்பார்கள்.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்கள் போர்வையில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறு கண்ணில் படுகிற இடம் வேறு, உண்டான இடம் வேறு. அடியில் வளையம் தெரிந்தால் காரணம் மேல் நூலில் இருக்கும். ஓரம் அலையடித்தால் பார்டர் வெட்டிய அன்று நடந்தது அது. பின்பக்கம் மடிப்பு விழுந்தால் தரையில் விரித்தபோதே அது தொடங்கிவிட்டது. எனவே தையலைப் பிரிக்கிற சீம் ரிப்பரை எடுப்பதற்கு முன்னால், நூல் இறுக்கத்தை மாற்றுகிற டென்ஷன் திருகில் கை வைப்பதற்கு முன்னால், இது எந்தக் கட்டத்தில் பிறந்த கோளாறு என்று நின்று பாருங்கள். பெரும்பாலும் மெஷின் மேல் தப்பே இருக்காது.

"மேலே அழகா இருக்குக்கா, திருப்பிப் பார்த்தா கீழே ஒரே வளையமா இருக்கு"

அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கீழே வளையம் என்றதும் எல்லோர் கையும் கீழ் நூல் இருக்கிற பாபின் கேஸுக்குத்தான் போகும். பார்க்க வேண்டியது மேலே. மேல் நூல் இரண்டு டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே ஓடினால் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை, தளர்ந்த நூல் முழுக்க அடியில் போய்ச் சேர்ந்து வளையமாக நிற்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு, மேல் நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோருங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது தட்டுகள் இறுக மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. கோர்த்ததும் ஒரு சோதனை: ஃபுட் தூக்கியிருக்கும்போது நூலை இழுத்தால் சுலபமாக வர வேண்டும், இறக்கிவிட்டு இழுத்தால் ஊசியே வளைகிற அளவுக்கு இறுக்கம் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நூல் இன்னும் தட்டுக்குள் உட்காரவில்லை, அல்லது தட்டுக்குள் பஞ்சும் பழைய நூல் துணுக்கும் அடைத்திருக்கிறது. மெல்லிய காட்டன் துணியை மடித்து உள்ளே விட்டு இழுத்துச் சுத்தம் செய்யலாம்.

இதற்கு நேர் எதிரான அறிகுறி, கீழ் நூல் மேல் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது. மேல் டென்ஷன் அதிகம் அல்லது பாபின் லூஸ். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். சும்மா தொங்கினால் அது கீழே இறங்கக் கூடாது, கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு மூன்று விரல்கடை இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று இறங்கினால் கேஸின் பக்கவாட்டுத் தகட்டுக்கு அடியில் பஞ்சுத் துணுக்கு மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஒரு துணுக்குப் பிசிறே தகட்டைத் தூக்கிப் பிடித்துவிடும். அது இல்லை என்றால்தான் திருகு. கடிகாரத்தில் ஐந்து நிமிட முள் நகர்வு அளவுக்குத் திருப்பி, தைத்துப் பார்த்து, பிறகு அடுத்த ஐந்து நிமிடம். தட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தத் திருகு கழன்று விழுந்தால் தேடிக் கிடைக்காது.

சோதனைத் தையலை ஒற்றைத் துணியில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. உங்கள் போர்வையில் இருக்கிற அதே மேல்துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி, மூன்றிலும் ஒரு கையகலத் துண்டு எடுத்து அடுக்கி, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் நூல் போட்டுத் தையுங்கள். எந்த நூல் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

தையல் தொடங்குகிற இடத்தில் மட்டும் நூல் கூடு கட்டினால் டென்ஷனைத் தொடவே வேண்டாம். கீழ் நூலை மேலே எடுத்து, இரண்டு நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நாலு தையல் போடுங்கள். சரியாகிவிடும்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

ஊசி. வேறு எதையும் பார்க்காமல் முதலில் ஊசியை மாற்றுங்கள். மூன்றடுக்கைக் குத்திக் குத்தி முனை மழுங்குகிறது, ஏறக்குறைய 8 மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய போர்வைக்கு ஒன்றுக்கு மேல் ஆகும். துண்டு சேர்க்க 11 நம்பர், மூன்றடுக்குக்கு 14 நம்பர். நடுவில் கனமான பஞ்சு என்றால் 16.

கடையில் ஊசி வாங்கும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டு போங்கள். சின்னக்கடை வீதிப் பக்கம் தையல் சாமான் விற்கிற கடைகளில் வீட்டு மெஷின் ஊசியும் வரும், கார்மென்ட்ஸ் மெஷின் ஊசியும் வரும், பாக்கெட் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டு மெஷின் ஊசிக்குத் தலைப் பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கார்மென்ட்ஸ் ஊசிக்குத் தலை முழுக்க உருண்டை. மாற்றிப் போட்டால் கொக்கி நூலைப் பிடிக்காது, தையல் விடும், சில சமயம் ஊசி உடைந்து தெறிக்கும்.

எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று குழப்பம் வந்தால் ஊசியை விரலால் தடவுங்கள். ஒரு பக்கம் மேலிருந்து காது வரை நீளமாகப் பள்ளம் ஓடும். நூல் நுழைகிற பக்கம் அதுதான், தட்டை அதற்கு எதிர்ப்பக்கம். கால் மெஷினானாலும் புது மெஷினானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஊசி மேலே முட்டும் வரை போயிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத் திருகை இறுக்குங்கள்.

ஊசி புதிதாக இருந்தும் வளைவான டிசைன் போடும்போது மட்டும் தையல் நீண்டு நீண்டு விழுந்தால், கை மெஷினைவிட வேகமாக ஓடுகிறது. மெஷினைக் கூட்டி, கையைக் குறையுங்கள். ஃபுட்டுக்கு அடியில் துணியை நகர்த்துகிற பல்லை இறக்கும் வசதி இல்லாத பழைய மெஷினில் தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்தால் பல் துணியை நகர்த்தாது, வளைவு போட அது போதும்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

ஒரு முழ நூலை இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். பொட்டென்று போனால் அது பழைய நூல், அதைத் தூர வைத்துவிடுங்கள். பாட்டி காலத்துக் கண்டு என்று ஆசையாக இருக்கும், ஆனால் உங்கள் உழைப்பெல்லாம் அந்த நூலில்தானே தொங்கப் போகிறது. நல்ல நூலும் அறுந்தால் ஊசி இறங்குகிற நீடில் பிளேட் ஓட்டையைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். முன்பு ஊசி குத்திய சொரசொரப்பு இருந்தால் நூலை அறுக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்தால் தேய்த்துத் தருவார்.

மெஷின் கனமாக ஓடுகிறது

இந்தக் கேள்வி ஏற்காட்டிலிருந்துதான் அதிகம் வரும். என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் தேங்காய் எண்ணெய் என்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், மார்கழி தை மாதத்தில், அது மெஷினுக்குள் மெழுகாகத்தான் நிற்கும். சேலத்தில் அந்த அளவுக்கு உறையாது, ஆனால் நாளாக ஆகப் பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் மட்டும் போடுங்கள், ஒரு துளைக்கு ஒரு சொட்டு. ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் போட்டாகிவிட்டது என்றால், மெஷின் எண்ணெயை விட்டு, நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, கறுப்பாக வழிவதைத் துடைத்து, மறுபடி விட்டு ஓட்ட வேண்டும், பொறுமையாகச் செய்தால் இலகுவாகிவிடும். அப்புறம் ஒரு வேண்டாத துணியில் நிறையத் தைத்துவிட்டுத்தான் போர்வையை உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்க் கறை விழும்.

கால் மெஷினில் பெடல் சுற்றியும் சக்கரம் வழுக்கினால் தோல் பெல்ட் தளர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் இது சகஜம். கொஞ்சம் வெட்டி மறுபடி கம்பி மாட்டினால் போதும்.

துண்டுகள் சேரவில்லை, மூலைக்கு மூலை ஒத்துவரவில்லை

"அளந்துதான் வெட்டினேன், ஆனா ஒரு வரிசை நீளமா ஒரு வரிசை குட்டையா இருக்கு." வெட்டியது சரியாகத்தான் இருக்கும். வித்தியாசம் மார்ஜினில். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். நம் ஊரில் ஜாக்கெட், சுடிதார் தைத்துப் பழகிய கைக்கு அது ரொம்பக் குறுகல், தானாகவே அகலமாகப் போகும். ஒரு தையலில் அரைக்கால் அங்குலத்தில் பாதி கூடப் போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு தையல் இரண்டு துண்டிலிருந்தும் அந்த அளவைத் தின்னும், ஆக அரைக்கால் அங்குலம் போச்சு. வரிசைக்கு 8 கட்டம் என்றால் நடுவே 7 தையல், முக்கால் அங்குலத்துக்கும் மேலே குறைந்துவிடும். பக்கத்து வரிசையில் கட்டம் குறைவாக இருந்தால் அது அவ்வளவு குறையாது. எப்படிச் சேரும்?

சோதனை இது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று நீளத் துண்டு வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் வர வேண்டும். குறைவாக வந்தால் மார்ஜின் அதிகமாகப் போகிறது. ஃபுட்டின் ஓரத்தை நம்பாமல், ஊசி முனையிலிருந்து கால் அங்குலம் ஸ்கேலால் அளந்து, மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அந்தத் திட்டில் உரசிக்கொண்டே போகும். துணி மடியும் இடத்திலும் ஒரு இம்மி போகும் என்பதால் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளே ஒட்டுவதுதான் சரி.

இஸ்திரியும் ஒரு காரணம். சட்டைக்குத் தேய்ப்பது போல் முன்னும் பின்னும் இழுத்தால், கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்டிய ஓரமெல்லாம் இழுபட்டு நீண்டுவிடும். பெட்டியை மேலிருந்து வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். மார்ஜினை ஒரு வரிசையில் இடது பக்கமாகவும் அடுத்த வரிசையில் வலது பக்கமாகவும் படிய வையுங்கள். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது தையலும் தையலும் ஒன்றையொன்று முட்டி நிற்கும், விரலாலேயே தெரியும், மூலை தானாக ஒத்துவரும்.

நெசவுக்காரர்கள் இருக்கிற ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: பாவு (நீளவாட்டு நூல்) இழுத்தால் அவ்வளவாக நீளாது, ஊடை (குறுக்கு நூல்) கொஞ்சம் கொடுக்கும், கிராஸ் நன்றாகவே நீளும். பிட்டுத் துணியில் கரை இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், குறைவாகக் கொடுக்கிற பக்கம் பாவு. நீளத் துண்டுகளையும் பார்டரையும் அந்தப் பக்கமாக வெட்டுங்கள்.

எல்லாம் தைத்து முடித்த வரிசையில் வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் என்றால் பிரிக்காதீர்கள். நீளமான துண்டை அடியில் வைத்துக் குண்டூசியால் சரிசமமாகப் பிரித்துக் குத்தித் தையுங்கள், கீழே இருக்கும் பல் அந்தக் கூடுதலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஓரம் அலையடிக்கிறது

பார்டர் துணியை நீளமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிகிற இடத்தில் வெட்டுவதால் வருவது. சரியான முறை: மேல்துணியைத் தரையில் விரித்து, ஓரத்தில் அளக்காமல், நடுவில் ஒரு தடவையும் அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு தடவையும் அளந்து, சராசரி எடுத்து, இரண்டு பார்டரையும் அதே அளவுக்கு வெட்ட வேண்டும். ஓரம் கையில் பட்டுப் பட்டு நீண்டிருக்கும், அதனால் ஓரத்து அளவை நம்பக் கூடாது. பார்டரையும் போர்வையையும் நாலாக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்துக்கு அடையாளம் குத்திவிட்டுத் தையுங்கள்.

ஏற்கெனவே தைத்தாயிற்று, பிரிக்க மனசில்லை என்றால், பார்டரில் குவில்டிங் தையலை நெருக்கமாகப் போடுங்கள். நெருக்கமான தையல் துணியைச் சுருக்கும், அலை பாதிக்கு மேல் அடங்கும். விரல் நுழையும் அளவுக்கு மடிப்பாக நின்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பின்பக்கம் மடிப்பு மடிப்பாக விழுந்துவிட்டது

மனசு விட்டுப் போவது இங்கேதான். மேலே எல்லாம் அழகாக முடித்துத் திருப்பினால் அடித்துணி நாலு இடத்தில் சுருண்டு தைக்கப்பட்டிருக்கும். காரணம் விரித்த விதம். அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கப் போட்டு, நாலு நடுப்பகுதியையும் முதலில், மூலைகளை அப்புறம், மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்ட வேண்டும். டைல்ஸ் தரை, மொசைக் தரை இரண்டும் இதற்கு அருமை. விறைப்பாக நிற்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. ரப்பர் போல் இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணியைச் சுருக்கிவிடும். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் மேல்துணி, இரண்டையும் நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவி விரிக்க வேண்டும். பஞ்சும் அடித்துணியும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அல்லது 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும்.

ஊக்கு குத்துவதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கை விரல்களை மடக்கி எங்கே வைத்தாலும் அடியில் ஒரு ஊக்காவது படவேண்டும், அதுதான் இடைவெளி. 4 அங்குலத்துக்கு மேல் விட்டால் நடுவில் துணி நகரும்.

தைக்கும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள். முதலில் நடுவே ஒரு நீளக் கோடு, ஒரு குறுக்குக் கோடு, அப்புறம் பாதி பாதியாக வெளியே போகலாம். வாக்கிங் ஃபுட் இருந்தால் நேர்கோட்டுக்கு அதையே போடுங்கள். சாதாரண ஃபுட்டில் கீழே இருக்கும் பல் அடித்துணியை முன்னே தள்ளும், மேல்துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட் மேலேயும் சேர்த்து நகர்த்தும். அது இல்லாதவர்கள் ஃபுட்டின் அழுத்தத் திருகைத் தளர்த்தி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் வரை கூட்டிப் பாருங்கள். போர்வையின் பாரம் மேஜைக்குக் கீழே தொங்காமல் பக்கத்தில் ஒரு நாற்காலியோ இன்னொரு மேஜையோ போட்டு மேலேயே கிடக்கவிடுங்கள். தொங்குகிற பாரம் ஊசியை வளைக்கும், தையலையும் கோணலாக்கும்.

விழுந்துவிட்ட மடிப்பை எடுக்க முழுக் கோட்டையும் பிரிக்க வேண்டாம். மடிப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மட்டும் பிரித்து, நுனி நூலை முடிச்சிட்டு உள்ளே இழுத்துவிட்டு, கூடுதல் துணியைத் தடவிப் பரப்பிக் குண்டூசி குத்தி, அந்த இடத்தை மட்டும் மறுபடி தைத்தால் போதும்.

வரைந்த கோடு மறைந்துவிட்டது, அல்லது மறையவே மாட்டேன் என்கிறது

தானாக மறையும் ஊதா பேனா காற்றின் ஈரத்தில் வேகமாக மறையும். ஏற்காட்டில் மூடுபனி இறங்குகிற நாளில் முழுப் போர்வைக்கும் கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது கோடு இருக்காது. அங்கே தையல் சாக், அல்லது மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகத் தைப்பது உத்தமம்.

தண்ணீரில் போகும் நீலப் பேனா வேறு ஜாதி. அதன் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடும். சோப்பு படுவதற்கு முன் வெறும் பச்சைத் தண்ணீரில் முழுக்க நனைத்து அலச வேண்டும், ஈரத் துணியால் ஒற்றினால் நீலம் பஞ்சுக்குள் இறங்கி, காய்ந்ததும் திரும்ப மேலே வரும்.

சூட்டில் மறையும் பேனா 60 டிகிரி பக்கம் நிறத்தை விடும். சித்திரை வெயிலில் சேலத்தில் காருக்குள் வைத்துவிட்டுப் போனால் அதுவே போதும். இன்னொரு விஷயம், கடும் குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும். நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது, ஆனால் பனி பெய்யும் நாட்டில் இருக்கிற பேரப் பிள்ளைக்கு அனுப்புகிற போர்வை என்றால் அந்தப் பேனா வேண்டாம்.

துவைத்ததும் உள்ளே பஞ்சு திரண்டுவிட்டது

மெத்தைக் கடையில் கொட்டிக் கொடுத்த பஞ்சை நடுவில் பரப்பியிருப்பீர்கள். அதில் இழைகளைப் பிடித்து வைக்கத் தையலைத் தவிர எதுவும் இல்லை, ஓரிரு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட வேண்டும். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். அது மெழுகுப் பூச்சுள்ள வழவழப்பான இழை, ஒன்றோடொன்று பின்னாது, எத்தனை தைத்தாலும் மூலைக்கு ஓடும். தலையணைக்கு அதை விட்டால் வேறில்லை, குவில்ட்டுக்கு ஒத்துவராது.

ஷீட்டாக வருகிற நடுப்பஞ்சு, அதாவது பேட்டிங் வாங்கினால், எவ்வளவு இடைவெளி வரை தைக்காமல் விடலாம் என்று அதன் உறையில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். எதுவும் போடாவிட்டால் 4 அங்குலத்தைத் தாண்டாதீர்கள். திரண்டு போனதைச் சரி செய்ய, ஓரத்தில் ஒரு பக்கம் பிரித்துப் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புது ஷீட் நுழைப்பதைத் தவிர வழியில்லை.

கறுப்பு, கருநீலத் துணி வழியே வெள்ளை இழை எட்டிப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், பின்னாலேயே இன்னும் வரும். ஊசி முனையால் உள்ளே தள்ளுங்கள். அடுத்த தடவை இருண்ட துணிக்குக் கறுப்பு பேட்டிங், அல்லது நெருக்கமான நெசவுள்ள துணி.

"தைச்சு முடிச்சேன், ஆனா யாருமே போர்த்திக்க மாட்டேங்கிறாங்க, வேகுதாம்" என்பதும் ஒரு கோளாறுதான். சேலம் வெயிலுக்குக் கனமான பாலியஸ்டர் பேட்டிங் ஆகாது. நடுவில் பழைய பருத்தி வேட்டியோ மல் துணியோ ஓரடுக்கு போட்டால் போதும், துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டியைப் போல் ஒரு நடுத்துணி காசு கொடுத்தாலும் கிடைக்காது. அந்தப் பாலியஸ்டர் ஷீட்டை ஏற்காட்டு வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பைண்டிங் துணி பத்தவில்லை, மூலை உருண்டைக்கட்டியாக நிற்கிறது

பைண்டிங் என்பது போர்வை ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கிற நீளத் துண்டு. அதன் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். 60க்கு 80 அங்குலப் போர்வைக்குச் சுற்றளவு 280, சேர்க்கைக்கும் மூலைக்கும் 12 சேர்த்தால் 292. இரண்டரை அங்குல அகலத் துண்டு, 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில் 7 வேண்டும், 36 அங்குலப் பன்னா பாப்ளினில் 9. துவைத்துச் சுருங்குவதையும் சேர்த்து முக்கால் மீட்டர் வாங்கினால் இரண்டுக்கும் போதும். நேர் ஓரத்துக்குக் கிராஸ் துண்டு தேவையில்லை, வளைந்த ஓரத்துக்கு மட்டும்தான் கிராஸ்.

மூலைக்கு கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். கடைசி வரை தைத்தால் மடிப்பு வராது. நிறுத்தி, நூலை வெட்டி, துண்டை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, அதையே கீழ்நோக்கி மடித்து, மேல் மடிப்பு ஓரத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து, அந்த ஓரத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். முனையில் திரண்டிருக்கிற பஞ்சைக் கத்தரியால் ஒரு சின்ன முக்கோணம் எடுத்துவிட்டால் பின்பக்கம் திருப்பும்போது மூலை கூராக நிற்கும்.

பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்வது எனக்குப் பிடித்த வேலை, மெஷினில் முடித்தாலும் தப்பில்லை. மெஷினில் என்றால் பைண்டிங்கை முதலில் பின்பக்கம் தைத்து, முன்னால் திருப்பி, கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் தைத்து முடியுங்கள். எங்கேயாவது பிடிக்காமல் விட்டதா என்ற சந்தேகமே வராது.

சாயம் இறங்கிவிட்டது

இதற்குத்தான் வேகம் வேண்டும். சிவப்பு வெள்ளையில் இறங்கியிருப்பதைப் பார்த்தால் காயப் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும் வரை காப்பாற்றலாம்.

பெரிய டப் அல்லது டிரம், போர்வை முழுக்க மூழ்கித் தாராளமாக மிதக்கும் அளவுக்கு வெந்நீர், கை வைக்க முடியாத சூடு, 60 டிகிரி பக்கம். அதில் பாத்திரம் கழுவும் திரவம் அல்லது நல்ல டிடர்ஜென்ட். போர்வை மேலே தூக்கிக்கொண்டு வராமல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, ராத்திரி முழுக்க, 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். சோப்பு இறங்கிய சாயத்தைத் தண்ணீரிலேயே பிடித்து வைத்திருக்கும், வெள்ளையில் மறுபடி உட்காரவிடாது. காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் தெளியும் வரை. பிளீச் தொட வேண்டாம். பட்டுத் துண்டு ஏதாவது சேர்த்திருந்தால் இந்த வெந்நீர் வைத்தியம் ஆகாது.

கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மை. அங்கே தண்ணீரில் இருக்கிற சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்காகப் போடுகிறார்கள், அதை நூலோடு பிணைப்பது சோடா. பிணையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சச் சாயத்தைச் சூடான சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்றியிருக்க வேண்டும், அது சரியாக நடக்காத துணிதான் நம் வீட்டில் சாயம் விடுகிறது. அதில் போய் உப்பைப் போட்டால் இறங்கிய சாயம் பக்கத்து வெள்ளைத் துண்டில் ஏறுவதற்கு நாமே வழி செய்த மாதிரி ஆகும்.

எனவே வெட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். அடர் சிவப்பு, கருநீலம், சுங்குடி, கலம்காரி, எதுவாக இருந்தாலும் ஒரு துணுக்கை வெந்நீரும் இரண்டு சொட்டுச் சோப்பும் உள்ள கண்ணாடி டம்ளரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் முழுத் துணியையும் தெளியும் வரை வெந்நீரில் துவைத்த பிறகுதான் கத்தரி. மாறாவிட்டாலும் காட்டனை ஒரு தடவை நனைத்துக் காயவைப்பது நல்லது, நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும், ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு மாதிரி.

துருப் புள்ளி, பூஞ்சை வாடை

பாதிப் போர்வையை ஊக்கோடு மடித்து மாதக்கணக்கில் வைத்தால் மலை மேலே துருப் பிடிக்காமல் இருக்காது. நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் ஊக்கை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளை நூலில் பெரிய ஓட்டுத் தையல் போட்டு வையுங்கள். வெள்ளைத் துணியில் துரு விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். நிறத் துணியில் ஓரமாக ஒரு இடத்தில் சோதித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், எலுமிச்சை சில நிறத்தை வெளுக்கும்.

கஞ்சி போட்ட துணியைக் கஞ்சியோடு எடுத்து வைக்காதீர்கள், வெள்ளிப்பூச்சிக்கு அது சாப்பாடு, பூஞ்சைக்கும்தான். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். பழைய வேட்டியில் சுற்றி வைத்து, ஏற்காட்டில் இருப்பவர்கள் வெயில் அடிக்கிற நாளில் வெளியே எடுத்து உதறிப் போடுங்கள், சேலத்தில் இருப்பவர்கள் நேர் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள், நிறம் வெளுக்காது. திரும்ப மடிக்கும்போது போன தடவை மடித்த இடத்தில் மடிக்காமல் மூன்றாக மடித்திருந்தால் நாலாக மடியுங்கள்.